கண் மூடிய ஊர்க்கோழிக்கு வைத்தியம்: காரணம் பார்ப்பதிலிருந்து கூடு திருத்துவது வரை

கோழி ஒன்று கூட்டத்தை விட்டு விலகி, ஒரு கண்ணை மூடியபடி வேலியோரம் நின்றால் முதலில் அதன் தோள்ப்பக்கத்து இறகைப் பாருங்கள். செட்டையின் மேற்பகுதி இறகு ஈரமாகவோ பசை பூசியதுபோல் ஒட்டுப்பட்டோ இருந்தால், அது இரண்டு மூன்று நாளாகவே கண்ணைத் தோளில் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. கண் வீங்கி நம் பார்வைக்குப் படும் முன்னரே அந்த இறகு வருத்தத்தைக் காட்டிவிடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கண் வருத்தம் கூடுதலாக வருவது இரண்டு காலங்களில். ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில் கூடு நனையும், நுளம்பு பெருகும், அம்மையும் சளியும் கூடவே வரும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது மணலும் தூசியும் கண்ணை உரசும். இரண்டிலும் கோழி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். வைத்தியம் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. அதனால் என்ன மருந்து விடலாம் என்று கேட்பதற்கு முன்னர், கண் ஏன் மூடியது என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான கோழிகளில் நோய் இருப்பது மூக்கிலோ வாயிலோ தோலிலோ தீனிலோ கூட்டிலோதான். அது வெளியே தெரியும் இடம் கண்.

முதல் வேலை: பிரித்து வைப்பது

காரணம் தெரியும் முன்பே கோழியைப் பிரித்துவிடுங்கள். ஒரு கரப்பு போதும். இல்லையென்றால் பக்கத்தில் ஓட்டை போட்ட காட்போட் பெட்டி. மற்றக் கோழிகளின் கூட்டிலிருந்து தள்ளி, காற்று வரும் ஆனால் தூறல் படாத நிழலான இடம் வேண்டும். அடியில் பழைய பத்திரிகைத் தாள் அல்லது சாக்கு விரியுங்கள். உமியோ மரத்தூளோ வேண்டாம். புண்பட்ட கண்ணில் அதன் தூசி போய் ஒட்டும். எச்சம் என்ன நிறம் என்பதும் தாளில்தான் தெளிவாகத் தெரியும், அது பின்னர் உதவும்.

தண்ணீர்க் கோப்பையும் தீன் பாத்திரமும் இந்தக் கோழிக்கென்றே தனியாக இருக்கட்டும். காலையில் சுகமான கோழிகளுக்கு எல்லாம் போட்டு முடித்த பிறகே வருத்தக்காரியிடம் போக வேண்டும். போய்வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கழுவும் வரை உங்கள் கண்ணைத் தொடாதீர்கள். ராணிகெட் என்ற கோழி நோயின் வைரசு மனிதருக்கும் கண் சிவக்கச் செய்யும்.

பிடிக்கிற விதம்

பகலில் துரத்திப் பிடித்தால் மூச்சு வாங்கும் கோழிக்கு அதுவே ஆபத்து. பொழுது பட்டதும் அல்லது அறையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பிடியுங்கள். இருட்டில் கோழி அடங்கிவிடும். பழைய துவாய் ஒன்றை விரித்து, இரண்டு செட்டைகளும் உடலோடு ஒட்டியிருக்கும்படி சுற்றுங்கள், தலை மட்டும் வெளியே. நெஞ்சுப் பக்கத்தை இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் மூச்சு முட்டிவிடும்.

கதிரையில் இருந்து, சுற்றிய கோழியை இடது கைக்கும் இடுப்புக்கும் இடையில் வைத்து, இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தலையின் பின்பக்கத்தைத் தாங்குங்கள். வலது கை வேலைக்கு. டோர்ச் பிடிக்க வேறொருவர் இருந்தால் பாதி வேலை சுலபம்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது

நல்ல கண்ணை முதலில் பாருங்கள். கருமணி வட்டமாக இருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள வளையம் செம்மஞ்சளாக இருக்கிறதா என்று மனதில் வைத்துக்கொண்டால் நோய்க் கண்ணோடு ஒப்பிடலாம். சொண்டுப் பக்க மூலையிலிருந்து மெல்லிய வெண்படலம் ஒன்று கண்ணின் குறுக்கே ஓடி மறையும். அது மூன்றாவது இமை, எல்லாக் கோழிக்கும் உண்டு. பூ விழுந்துவிட்டதென்று நினைத்து அதைச் சுரண்டிக் கண்ணைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு மூக்குத் துவாரம். இரண்டையும் விரலால் மெதுவாக அழுத்துங்கள், சளி வருகிறதா? அந்தச் சளியை மணந்து பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் விடாதீர்கள், அந்த ஒரு மணம் இரண்டு நோய்களைப் பிரித்துத் தரும். அடுத்தது கண்ணுக்குக் கீழே, சொண்டுக்குப் பின்னால் உள்ள பகுதி. அங்கே தோலுக்கு அடியில் ஒரு வெற்றறை இருக்கிறது. சளி தங்கினால் அதுதான் உப்பி, கண்ணை மேல்நோக்கித் தள்ளும். அழுத்தினால் பிசைந்த மாப்போல் அமுங்குகிறதா, கல்லுப்போல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயைத் திறக்கச் சொண்டின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் போதும். நாக்கின் அடியிலும் மேலண்ணத்திலும் மஞ்சள் படலம், வெள்ளைப் பரு எதுவும் உண்டா? கடைசியாகக் கொண்டை, தாடி, இமை விளிம்பு ஆகியவற்றின் தோல். கோழியை வைத்துவிட்டு, கூட்டுக்குப் போய்க் குந்தியிருந்து, கோழியின் தலை உயரத்தில் இரண்டு நிமிடம் மூச்சு எடுங்கள். நின்றபடி மணந்தால் தெரியாது. எச்சத்தின் அமோனியா வாயு எழும்புவது நிலத்திலிருந்து.

இனிக் காரணங்கள்

கண் மூலையில் சவர்க்கார நுரைபோல் சின்னக் குமிழிகள், தும்மல், இரவில் கூட்டருகே நின்றால் கேட்கும் கரகரப்பு, மணமில்லாத சளி: இது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவது. மெதுவாக வந்து மெதுவாகப் போகும். கோழி தீன் தின்னும், முட்டை குறையும். இதில் பலர் செய்யும் பிழை, வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின் குளிசையை உடைத்துக் கொடுப்பது. அமொக்சிசிலின் வேலை செய்வது கிருமியின் கலச்சுவரை உடைத்து. மைக்கோபிளாஸ்மாவுக்குக் கலச்சுவரே இல்லை. எத்தனை நாள் கொடுத்தாலும் பலனில்லை. டைலோசின், டொக்சிசைக்ளின் போன்றவைதான் இதற்குரியவை.

சளியில் அழுகல் நாற்றம் இருந்து, முகம் ஒரே இரவில் வீங்கியிருந்தால் கொரைசா என்ற பற்றீரியாச் சளி. தொற்றி 1 முதல் 3 நாட்களுக்குள் தெரியும். ஒன்றுக்கு வந்தால் அந்த வாரமே பாதிக் கூட்டுக்கு வரும். சேவலின் தாடியும் சேர்ந்து வீங்கும். வேறு சிக்கல் சேராவிட்டால் 2 முதல் 3 வாரத்தில் அடங்கும். ஆனால் சுகமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். சந்தையில் வாங்கிய அழகான பேடு ஒன்று வந்த பத்தாம் நாள் வீட்டுக் கோழிகளெல்லாம் கண் வீங்கி நிற்பதன் இரகசியம் இதுதான்.

அம்மை வேறு மாதிரி. கொண்டையிலும் இமை விளிம்பிலும் முதலில் வெளிறிய சிறு பருக்கள், பின்னர் மஞ்சளாகி, கருங்கபில நிறப் பொருக்காகும். இமையின் மேலும் கீழும் பொருக்கு ஒட்டிக் கண் பூட்டுப்படும்; உள்ளே கண்மணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கொண்டு வருவது நுளம்பு. மருந்து கிடையாது, 2 முதல் 4 வாரத்தில் தானாக ஆறும். அந்த நாட்களில் கோழி குருடாக நிற்பதால் பட்டினியில் சாகிறதே தவிர, தோல் அம்மையால் சாவது குறைவு. தொண்டைக்குள் மஞ்சள் படலமாக வரும் அம்மைதான் மூச்சை அடைத்துக் கொல்லும்.

இரண்டு கண்ணும் மூடி, நாற்றமில்லை, பொருக்கில்லை, ஆனால் இமைக்கடியில் வெள்ளையாகப் பாலாடைக்கட்டி போன்ற கட்டி, வாய்க்குள் ஊசிமுனை அளவு வெண்பரு: உயிர்ச்சத்து ஏ குறைபாடு. வளவில் திரிந்து புல்லும் கீரையும் கொத்தும் கோழிக்கு இது வராது. மரக்கறிப் பாத்தியைக் காப்பாற்றவோ வெள்ளத்துக்காகவோ மாதக்கணக்கில் அடைத்து வைத்து, குறுணலும் சோறும் தேங்காய்ப்பூவும் மட்டும் போட்ட கோழிக்கு வரும். வளர்ந்த பேட்டின் ஈரலில் சேமிப்பு இருப்பதால் 2 முதல் 5 மாதம் கழித்தே தெரியவரும். அதனால்தான் யாரும் தீனைச் சந்தேகிப்பதில்லை. நேற்று வரை இதையேதானே தின்றது என்பார்கள்.

கூட்டிலிருந்த எல்லாக் கோழிகளும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, கண்மணி சாம்பல் பூத்து, குந்தியிருந்தபோது உங்கள் கண்ணும் எரிந்திருந்தால் அது அமோனியாச் சூடு. ஈரமான எச்சத்திலிருந்து வரும் வாயு கண்ணின் மேற்தோலை அரிக்கிறது. எந்த மருந்தும் கூட்டைத் திருத்தாமல் பலிக்காது. முற்றியிருந்தால் தெளிய ஒரு மாதமும் எடுக்கும்.

ஒரு கண் மட்டும், மற்றபடி கோழி உசார் என்றால் கொத்துப்பட்ட காயம், மணல், நெல் உமியின் கூர், அல்லது உயிருள்ள ஏதாவது. இமையைச் சுற்றிக் கறுப்பு எள்ளுத் தூவியதுபோல் அசையாமல் ஒட்டியிருப்பவை தெள்ளு. மணல் நிலத்து வளவுகளில், நாயும் பூனையும் படுக்கும் இடத்தில் கோழியும் மண் குளித்தால் ஏறும். மூன்றாவது இமைக்கடியில் நூல்போல் நெளிவது கண் புழு, 1 முதல் 2 சென்ரிமீற்றர் நீளம். அது வரும் வழி வியப்பானது: எருவுக்கும் மரக்குற்றிக்கும் அடியில் புதைந்து வாழும் ஒருவகைக் கரப்பத்தானைக் கோழி விழுங்க, அதற்குள் இருந்த குடம்பி தீன்பையில் வெளிப்பட்டு, தொண்டை வழியாக மேலேறி, கண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து கண்ணை அடைகிறது. சில மணி நேரத்துக்குள் இத்தனையும் நடந்துவிடும்.

கருமணி கோணலாகி, வளையம் சாம்பல் நிறமானால், கூடவே காலும் இழுத்தால், மரெக் நோய். அதற்கு வைத்தியமில்லை.

கழுவும் தண்ணீர்

பாமசியில் 0.9 வீத சேலைன் போத்தல் வாங்கினால் நல்லது. வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய தண்ணீர் 500 மில்லிலீற்றருக்குத் தூள் உப்பு 4.5 கிராம், அதாவது தலை வழித்த முக்கால் தேக்கரண்டி. கூடினால் எரியும், குறைந்தாலும் கண் கரிக்கும்; கண்ணீரின் உப்போடு ஒத்திருப்பதால்தான் இந்த அளவு. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் எடுக்க வேண்டாம், வெள்ளம் வடிந்த கிழமைகளில் ஒருபோதும் வேண்டாம். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பாவித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது, அந்தப் பதம்.

கூடவே வேண்டியவை: ஊசி கழற்றிய 10 மில்லிலீற்றர் சிரிஞ் ஒன்று, நூல் பிரியாத வெள்ளைத் துணித் துண்டுகள், பஞ்சுக்குச்சி, டோர்ச். பஞ்சை அப்படியே இழுத்து எடுக்காதீர்கள், அதன் இழை கண்ணில் தங்கும்.

ஒட்டிய கண்ணைத் திறந்து கட்டியை எடுப்பது

வைத்தியத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். கோழியின் சீழ் நம்முடையதுபோல் ஒழுகாது. சீழைக் கரைக்கும் நொதியம் அதன் வெண்குருதிக் கலங்களில் போதாததால் சீழ் இறுகிக் கட்டியாகிவிடும். இமைக்கடியில் அந்தக் கட்டி இருக்கும் வரை மேலே விடும் எந்தத் துளி மருந்தும் கண்ணைப் போய்ச் சேராது. ஒரு கிழமையாய் மருந்து விட்டும் குறையவில்லை என்று சொல்லும் வீடுகளில் அநேகமாகக் கட்டி அப்படியே இருக்கும்.

துணியை இளஞ்சூட்டுச் சேலைனில் நனைத்து, பிழிந்து, மூடிய கண்ணின் மேல் 5 நிமிடம் வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். மூன்று தரம் செய்தால் இமை ஓரத்துப் பீளை ஊறிவிடும். சொண்டுப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் துடையுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கம். காய்ந்திருக்கும்போது இழுத்தால் இமையின் தோல் கையோடு வரும்.

கோழியின் கண் மூடுவது கீழிமை மேலே வருவதால். ஆகவே திறக்க வேண்டியதும் கீழிமையைத்தான். பெருவிரலைக் கீழிமைக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் வைத்து, தோலை மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். இமைக்கும் கண்ணுக்கும் இடையில் வெண்மஞ்சளாக, அவித்த முட்டையின் வெள்ளைக்கருத் துண்டுபோல் ஒன்று எட்டிப் பார்க்கும். சேலைனை 2 மில்லிலீற்றர் அதன் ஓரமாகச் செலுத்தி வழுக்கவிட்டு, இமையின் வெளிப்புறத்திலிருந்து பெருவிரலால் கீழிருந்து மேலாகத் தள்ளுங்கள். கட்டி நழுவும். ஓரம் வெளியே வந்ததும் நனைத்த பஞ்சுக்குச்சியை அதன் கீழே உருட்டினால், பயறு அளவோ சிலவேளை சின்னப் பூசணி விதை அளவோ முழுதாகக் கழன்று வரும். அந்தக் கணத்தில் கோழி தலையை உதறும். துவாய்ப் பிடி தளராமல் இருக்கட்டும்.

வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒத்தடத்தை அன்று பின்னேரமும் மறுநாள் விடியவும் கொடுத்துவிட்டு மறுபடி முயலலாம். இரண்டு துளி இரத்தம் வருவது பரவாயில்லை. தொடர்ந்து கசிந்தால் துணியால் ஒற்றி நிறுத்தி, அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். குண்டூசி, பிளேட், சிமிட்டா எதுவும் கண்மணிப் பக்கம் போகக் கூடாது.

கட்டி வந்த பின் 5 முதல் 10 மில்லிலீற்றர் சேலைனைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக ஓடவிட்டுக் கழுவுங்கள். கண்மணிக்கு நேரே பீச்சாதீர்கள். கோழி தும்மும், சொண்டைத் தட்டும். கண்ணீர்க் குழாய் மூக்கில் திறப்பதால் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை. இப்போது டோர்ச் ஒளியைப் பக்கத்திலிருந்து பிடித்துப் பாருங்கள். கண்மணி கண்ணாடிபோல் பளபளத்தால் நல்லது. மேற்பரப்பில் பள்ளமோ, பால் கலந்ததுபோல் மங்கலோ இருந்தால் புண். மிருக வைத்தியர் பச்சையாக ஒளிரும் சாயத்துளி விட்டு அதை உறுதிப்படுத்துவார்.

கண்ணுக்கு விடும் மருந்து

1 வீத டெட்ராசைக்ளின் கண் களிம்பு இதற்குப் பொருத்தமானது. களிம்பின் நுனி கண்ணில் முட்டாமல், கீழிமையை இழுத்து, ஒரு நெல்மணி அளவு போட்டு, இமையை மூடி இரண்டு தரம் வருடுங்கள். நாளைக்கு 3 தரம். துளி மருந்தானால் 4 முதல் 6 தரம், ஏனென்றால் துளி சீக்கிரம் மூக்குக்குள் வடிந்துவிடும். கண் தெளிந்த பின்னும் 2 நாள் தொடருங்கள். மொத்தம் ஏழு நாள் அளவில் வரும்.

இரண்டு மருந்துகளில் கவனம் வேண்டும். டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று போத்தலில் எழுதியிருந்தால் அது ஸ்டெரொயிட் கலந்தது. சிவப்பை ஒரே நாளில் குறைக்கும், ஆனால் கண்மணியில் புண் இருந்தால் அதை ஆறவிடாமல் ஆழமாக்கிக் கண்ணையே உடைத்துவிடும். மற்றது குளோரம்பெனிக்கோல். வீடுகளில் எளிதாக இருக்கும் களிம்பு. முட்டையும் இறைச்சியும் தரும் விலங்குகளுக்கு அது பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. அதன் எச்சம் மிகச் சிலரில் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்தம் ஊறாமல் செய்யும், அதற்கு இவ்வளவுதான் என்ற அளவும் இல்லை. பிள்ளைகள் தின்னும் முட்டைக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

தேசிக்காய்ச் சாறு, புகையிலைத் தண்ணீர், மஞ்சள் தூள், மண்ணெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொண்டையிலுள்ள அம்மைப் பொருக்கில் பூசுவதில் கெடுதி இல்லை. இமைக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்துங்கள்.

நோய்க்குரிய வைத்தியம்

சளி வகைகளுக்குக் கண் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். இதை மிருக வைத்தியரின் எழுத்தோடு வாங்குங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்கு டைலோசின் வழமையாக ஒரு லீற்றர் குடிதண்ணீருக்கு 500 மில்லிகிராம் மூலமருந்து, 3 முதல் 5 நாள், வேறு தண்ணீர் வைக்காமல். பைக்கற்றில் உள்ள தூளின் எடையும் மூலமருந்தின் எடையும் ஒன்றல்ல. வீதத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஒரு பேடு நாளைக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. கண் தெரியாத கோழி குடிக்காது. அதற்குச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகச் சொண்டின் ஓரத்தில் விட வேண்டியிருக்கும், அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

டெட்ராசைக்ளின் வகையைத் தண்ணீரில் கொடுக்கும் நாட்களில் மட்டி ஓட்டுத் தூளையும் சிப்பித் தூளையும் எடுத்துவிடுங்கள். கல்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குருதியில் சேரவிடாது. மருந்து கொடுக்கும் நாட்களிலும், அது முடிந்து பைக்கற்றில் சொல்லியிருக்கும் விலக்கு நாட்கள் தீரும் வரையும் முட்டையைத் தின்னவோ விற்கவோ கூடாது. மைக்கோபிளாஸ்மா வந்த பேட்டின் முட்டையை அடைவைக்கவும் கூடாது, குஞ்சு கருவிலேயே அதைப் பெற்று வரும்.

அம்மைக்குப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் இமை வடுவாகி நிரந்தரமாகக் கோணும், வைரசும் உதிரும். தினமும் இரண்டு தரம் சேலைன் ஒத்தடம் கொடுத்துக் கண்ணை மட்டும் திறந்துவிட்டு, களிம்பு போடுங்கள். உதிர்ந்த பொருக்கைக் கூட்டி எரிக்க வேண்டும். காய்ந்த பொருக்கில் வைரசு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

உயிர்ச்சத்துக் குறைபாட்டுக்குக் கோழிகளுக்கான ஏ-டி3-ஈ மருந்தைப் பைக்கற் அளவில் கொடுப்பது விரைவான வழி. அதோடு தீனை மாற்றாவிட்டால் திரும்ப வரும். முருங்கை இலை, அகத்தி, பொன்னாங்காணி எதுவும் பொடியாக அரிந்து ஒரு கோழிக்கு ஒரு பிடி, தினமும். அவித்த பூசணி, உட்சதை செம்மஞ்சளான வற்றாளங்கிழங்கு நல்லவை. வெள்ளைச் சதைக் கிழங்கில் இந்தச் சத்து இல்லை. சோளமும் மஞ்சளாக இருக்க வேண்டும். கடைத்தீனில் சேர்த்த உயிர்ச்சத்து நாட்பட அழிந்துபோகும், ஆகவே மாதக்கணக்கில் மூட்டையாக வைத்திருக்காதீர்கள். மாற்றம் ஒரு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும்.

தெள்ளுக்கு இமையைச் சுற்றி வசிலின் தடவி மூச்சடைக்க வைத்து, மறுநாள் மழுங்கிய இடுக்கியால் தலையைப் பிடித்து எடுக்கலாம். பூச்சி மருந்து முகத்துக்கு அல்ல, கூட்டு மண்ணுக்கும் நாய் படுக்கும் இடத்துக்கும். கண் புழுவை எடுக்க மயக்கத் துளி வேண்டும், அதை வைத்தியரிடம் விடுங்கள்.

தின்ன வைப்பது

கண் வருத்தத்தில் கோழியைக் காப்பது பாதி மருந்து, பாதி சோறு. பாத்திரத்தை நிறைத்து வைத்தால் தின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். கழுத்தடியில் உள்ள தீன்பையை இரவில் தொட்டுப் பாருங்கள், உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும்; விடிய வெறுமையாக வேண்டும். இரவிலும் வெறும் தோலாக இருந்தால் அது பட்டினி.

கோழித்தீனைச் சுடுதண்ணீரில் குழைத்து, புட்டுமாப் பதத்தில், அவித்த முட்டை மஞ்சட்கருவைப் பிசைந்து சேர்த்துச் சிரட்டையில் வைத்து, சொண்டை அதில் முட்டச் செய்யுங்கள். விரலால் சிரட்டையைத் தட்டினால் சத்தத்துக்குக் கொத்தும். தண்ணீரில் சொண்டின் நுனியை மட்டும் தோய்த்து விடுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத் துவாரம் திறந்திருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். முதல் நாள் கோழியைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிலைமை மோசமாகிறது.

கூடு

மாரிக்குக் கூட்டைச் சுற்றிப் படங்கைத் தரை முதல் கூரை வரை இழுத்துக் கட்டுவது இங்கே எல்லா இடமும் வழக்கம். சாரல் நிற்கும், கண் போகும். கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சாண் திறந்து விடுங்கள். அமோனியா இலேசான வாயு, மேலே ஏறி வெளியேறிவிடும். நனைந்த பகுதியை மண்வெட்டியால் அள்ளி, உலர்ந்த உமியை நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் நெல் ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. தண்ணீர்க் கோப்பையைக் கல்லின் மேல், கோழியின் முதுகு உயரத்தில் வைத்தால் சிந்தாது. கோழி உள்ளே இருக்கும்போது ஈர எச்சத்தில் சுண்ணாம்பு தூவ வேண்டாம். சுண்ணாம்பின் காரம் எச்சத்திலிருந்து அமோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பும், நல்ல எண்ணத்தில் செய்த வேலை கண்ணைச் சுடும்.

சிரட்டை, ரயர், உடைந்த பேணிகளைக் கவிழ்த்துப்போட்டால் அம்மைக்கும் டெங்குக்கும் ஒரே வேலையில் தடை.

அம்மைத் தடுப்பூசி செட்டையின் மெல்லிய தோலில் இரட்டைமுனை ஊசியால் குத்துவது, 6 வாரம் கடந்த குஞ்சுகளுக்கு. மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில் போட்டுவிட வேண்டும். குத்திய இடத்தில் 7 முதல் 10 நாளில் சின்னப் பொருக்கு வந்தால் பிடித்திருக்கிறது, வராவிட்டால் மறுபடி. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான அளவு இருக்கும், கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஒழுங்கை முழுதும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்வதுதான் வழி. புதிதாக வாங்கும் எந்தக் கோழியும் 30 நாள் தனியே.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

கழுத்து முறுகுதல், பச்சை எச்சம், கொண்டை நீலமாதல், ஒரே இரவில் இரண்டு மூன்று சாதல்: இவை ராணிகெட்டாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். கண்ணுக்கு மருந்து விட்டு நேரம் போக்காமல் அன்றே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மிஞ்சிய கோழிகளை அவசரமாக விற்கவோ அறுக்கவோ வேண்டாம். செத்ததை வாவியிலோ வாய்க்காலிலோ எறியாமல், கிணற்றுக்குத் தூரமாக மூன்று அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தனிக் கோழியானாலும் கண்மணி மங்கியிருந்தால், கண்ணுக்குக் கீழுள்ள வீக்கம் கல்லாக இறுகியிருந்தால், மூன்று நாள் வைத்தியத்தில் எந்தத் தெளிவும் இல்லையென்றால் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இறுகிய வீக்கத்தைக் கீறி எடுப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

ஒரு கண் போய்விட்டால்

கண் சுருங்கி, இமை மூடி, ஈரமில்லாமல் காய்ந்துவிட்டால் அந்தக் கோழியை அறுக்கத் தேவையில்லை. ஒற்றைக் கண்ணோடு முட்டையிட்டு, அடைகிடந்து, குஞ்சும் பொரிக்கும். கூட்டத்தில் திரும்பச் சேர்ப்பதை இரவில் செய்யுங்கள். விடியும்போது எல்லாம் ஒன்றாக இருப்பதால் சண்டை குறையும். முதல் கிழமை அதன் தீனைத் தனிச் சிரட்டையில், பார்வையுள்ள பக்கமாக, முதுகுப்புறம் வேலி வரும்படி வையுங்கள். குருட்டுப் பக்கமாகத்தான் மற்றவை வந்து கொத்தும். படுக்கும் தடியை ஒரு முழத்துக்கு இறக்கிவிடுங்கள், தூரத்தை ஒரு கண்ணால் அளக்கத் தெரியாமல் குதித்து நெஞ்செலும்பை அடித்துக்கொள்ளும். பிடிக்கப் போகும்போது பார்க்கும் கண்ணின் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போங்கள்.